வாளிக்கு ஒரு கை, தட்டுக்கு இரண்டு கை

தென்காசியிலிருந்து செங்கோட்டை போகும் சாலையில் பிரானூர் பார்டர் வந்துவிட்டால் புரோட்டாக் கடைகள் தொடங்கிவிடும். 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேரும்வரை இந்தப் பக்கம் சென்னை, அந்தப் பக்கம் திருவிதாங்கூர்-கொச்சி. எல்லை மலைப்பக்கம் நகர்ந்த பிறகும் பார்டர் என்ற பெயர் நகரவில்லை. ஆனி பிறந்து சாரல் கட்டிவிட்டால், குற்றாலத்தில் குளித்து முடித்த கூட்டம் ஈரத் தலையோடு இங்கேதான் வந்து இறங்கும். அப்படிப்பட்ட நெரிசலில் இலையை மறந்துவிட்டு, பரிமாறுகிறவரின் கைகளைக் கொஞ்ச நேரம் பாருங்கள். எட்டுக் கிலோவாவது இருக்கும் சால்னா வாளி அவருடைய இடது கையில் சும்மா தொங்கிக்கொண்டு வருகிறது. அடுத்த நிமிஷம் அதே ஆள் நாலு டம்ளர் தண்ணீர் வைத்த தட்டை எடுத்துவருகிறார். இரண்டு கிலோ தேறாது. அதற்கு இரண்டு கையும் வேண்டியிருக்கிறது.

ஒரு கையா இரண்டு கையா என்று யாரிடம் கேட்டாலும், “கனமா இருந்தா ரெண்டு கை” என்றுதான் சொல்வார்கள். அந்தப் பதிலை இந்த வாளியும் தட்டும் சேர்ந்து கவிழ்த்துவிடுகின்றன. ஒரு பொருளை நகர்த்த எத்தனை கை என்ற முடிவை நாம் காலையில் பல்பொடி டப்பாவில் தொடங்கி இரவு தலையணை வரை எடுத்துக்கொண்டே இருக்கிறோம். எடுப்பதாகவே தெரிவதில்லை, ஏனென்றால் பொருளைத் தொடுவதற்குள் அது முடிந்துபோகிறது. எடை அதில் ஒரு சரக்கு. பொருளின் அகலம், வழுக்கல், கொண்டுபோய் வைக்கும் இடம், வாங்கிக்கொள்பவரின் வயசு என்று இன்னும் பல சரக்குகள் சேர்கின்றன. எல்லாவற்றையும் விட, மற்ற கைக்கு அந்த நேரத்தில் வேறென்ன வேலை இருக்கிறது என்பதற்குத்தான் மூளை அதிக விலை வைக்கிறது என்பது என் கட்சி.

மூளையை அந்தப் புரோட்டாக் கடையின் அடுக்களையாகவே வைத்துக்கொள்வோம். கல்லுக்கு முன்னால் மாஸ்டர். அவருக்கு இரண்டே இரண்டு ஆட்கள். கூப்பிட்ட குரலுக்கு வருவார்கள், சம்பளம் கேட்கமாட்டார்கள். ஆனால் மூன்றாவது ஆள் கிடையாது. ஆர்டர் உள்ளே வரும்போதெல்லாம் மாஸ்டர் முடிவு செய்தாக வேண்டும்: ஒருவரை அனுப்பினால் போதுமா, இருவரையும் அனுப்பவா? இருவரும் போனால் வேலை பத்திரமாக முடியும். ஆனால் அவர்கள் திரும்பும்வரை மாவைப் பார்க்க ஆள் இல்லை, கல்லில் எண்ணெய் விட ஆள் இல்லை.

கண்ணளவு

மாஸ்டர் முதலில் செய்வது கண்ணால் அளப்பது. இதைப் பார்க்கக் குற்றாலத்தின் சீசன் பழக்கடைகளை விட நல்ல இடம் இல்லை. ரம்புட்டானை எடுக்க இரண்டு விரல் போதும். மங்குஸ்தானை ஒரு கையில் இரண்டு கூட அள்ளலாம். ஆனால் அதை உடைக்கும்போது இரண்டு உள்ளங்கையும் சேர்ந்து அமுக்க வேண்டியிருக்கிறது. துரியான் வேறு மாதிரி. முள்ளைப் பார்த்ததுமே கை தயங்கும். கடைக்காரர் காம்பைப் பிடித்து ஒரே கையில் தூக்கித் தராசில் வைத்துவிடுவார். பலா என்றால் பேச்சே இல்லை, இரண்டு கையும் நெஞ்சும் சேர்ந்தால்தான் நகரும். (குற்றாலநாதர் கோயிலின் தலமரம் குறும்பலா. பெயரில் குறுமை இருந்தாலும் பலா பலாதான்.)

இந்த வரிசையில் ஒரு கை முடிந்து இரண்டு கை தொடங்கும் இடம் எது? 1989இல் கார்ல் நியூவெல்லும் அவருடன் இருந்தவர்களும் இதைச் சோதித்தார்கள். மூன்று முதல் ஐந்து வயது வரையிலான பிள்ளைகள் ஒரு பக்கம், பெரியவர்கள் ஒரு பக்கம். வெவ்வேறு அளவுள்ள கனசதுரக் கட்டைகளை எடுக்கச் சொன்னார்கள். சென்டிமீட்டரில் பார்த்தால் இரண்டு கூட்டத்துக்கும் ஒட்டவே இல்லை; பெரியவர்கள் ஒரு கையால் எடுத்த கட்டைக்குப் பிள்ளைகள் இரண்டு கையையும் நீட்டினார்கள். கட்டையின் அளவை அவரவர் கையின் அளவால் வகுத்துப் பார்த்தபோதோ, வித்தியாசம் ஏறக்குறைய காணாமல் போனது. பேரப்பிள்ளை டம்ளரை இரண்டு கையாலும் ஏந்திக் குடிப்பதும், தாத்தா செம்பை ஒரு கையால் அண்ணாந்து குடிப்பதும் ஒரே கணக்குத்தான் என்று அர்த்தம். கைதான் வேறு.

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சன் 1979இல் எழுதிய புத்தகத்தில் இதற்கு அடித்தளம் போட்டிருந்தார். நாம் பொருளை இத்தனை அங்குலம் என்று பார்ப்பதில்லை, என் உடம்பால் இதை என்ன செய்ய முடியும் என்றே பார்க்கிறோம் என்பது அவர் வாதம். பூக்காரம்மா முழம் போடும் ஊரில் இதற்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. நடுத்தர வயசுக்காரர் விரலை விரித்தால் ஒரு சாண் சுமார் இருபது சென்டிமீட்டர் வரும். நாலு வயசுப் பிள்ளைக்கு அதில் பாதிக்குச் சற்று மேல். மாஸ்டரின் கண் அளப்பது அந்தச் சாணால்தான். அதுவும் முழுச் சாண் வரை காத்திருப்பதில்லை. விரல் நுனி மட்டும் தொடும் பிடியில் பலம் இருக்காது என்று அதற்குத் தெரியும். பிடிக்க முடியும் என்ற எல்லைக்குக் கொஞ்சம் முன்னதாகவே இரண்டாவது ஆளைக் கூப்பிட்டுவிடும்.

எல்லை ஒரு கோடு போல இருப்பதும் இல்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் டர்வி குழுவினர் மரப்பலகைகளைச் சிறியதிலிருந்து பெரியது வரை ஒவ்வொன்றாகக் கொடுத்து எடுக்கச் சொன்னார்கள். பிறகு பெரியதிலிருந்து சிறியதுக்கு இறங்கினார்கள். ஏறும்போது ஒரு கை விட்டுக்கொடுக்காமல் நீடித்தது. இறங்கும்போது இரண்டு கை நீடித்தது. அடுக்களையில் இது புதிதில்லை. இரண்டு பேரும் ஏற்கெனவே கூடத்தில் நின்றால், அடுத்த சின்னத் தட்டையும் சேர்ந்தே தூக்கி வரட்டும் என்று மாஸ்டர் விட்டுவிடுவார். சோதனையின் அமைப்பை மாற்றியபோது இது தலைகீழாக, முன்கூட்டியே மாறுவதாகவும் வந்திருக்கிறது. ஆகவே ஒரே பலகை, ஒரே கை, ஒரே ஆள். முன்னால் எடுத்தது என்ன என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது.

உத்தேச உப்பு

சால்னாவில் உப்புப் போடுகிறவர் ருசி பார்த்துப் போடுவதில்லை. போட்டுவிட்டுத்தான் ருசி பார்க்கிறார். முதலில் உத்தேசம், பிறகு திருத்தம். கையும் அப்படித்தான். பொருளைத் தொடும் முன்பே இதற்கு இவ்வளவு இறுக்கம், இவ்வளவு தூக்கு என்று ஓர் உத்தேசம் விரலுக்குப் போய்விடுகிறது. நிறைய இருக்கிறது என்று நினைத்த எண்ணெய் டின் காலியாக இருந்தால் கை விசுக்கென்று மேலே போவது இதனால்தான்.

அளவில் பெரியது கனமாக இருக்கும் என்பது அந்த உத்தேசத்தின் பெரிய நம்பிக்கை. எடை ஒன்றாகவே இருக்கும் இரண்டு பெட்டிகளில் சிறியதுதான் கனம் என்று நமக்குத் தோன்றும். பிரெஞ்சு மருத்துவர் அகஸ்தீன் ஷார்பான்தியே 1891இல் சோதித்துச் சொன்ன மயக்கம் இது. இதில் வேடிக்கை பின்னால்தான் தெரியவந்தது. 2000ஆம் ஆண்டில் ராண்டி ஃபிளானகனும் மைக்கேல் பெல்ட்ஸ்னரும் ஆட்களைத் திரும்பத் திரும்ப அந்தப் பெட்டிகளைத் தூக்க வைத்தார்கள். சில தடவைகளிலேயே விரல்கள் உண்மையைக் கண்டுகொண்டு இரண்டுக்கும் சரியான விசையைப் போட்டன. ஆனால் ஆளைக் கேட்டால், சின்னதுதான் கனம் என்றே சொன்னார். அடுக்களைக்கு ஒரு கணக்கு, கல்லாவுக்கு ஒரு கணக்கு!

திருத்தும் வேலை விரல் நுனியுடையது. சுவீடனின் உமேயோ பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் யோஹான்சனும் கோரன் வெஸ்ட்லிங்கும் 1984இல் உப்புத்தாள், ஸ்வேட் தோல், பட்டு மூன்றையும் ஒரே எடையுள்ள பொருளில் மாற்றி மாற்றி ஒட்டித் தூக்கச் சொன்னார்கள். உப்புத்தாளுக்கு லேசான பிடி, பட்டுக்கு இறுக்கமான பிடி. எதிலும் நழுவாமல் இருக்கத் தேவையானதை விடச் சற்றுக் கூடுதலாக மட்டுமே விரல்கள் அழுத்தின. பொருள் கொஞ்சம் நழுவினாலும் விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் பிடி இறுகியது. “ஐயோ, நழுவுது” என்று நமக்கு உறைப்பதற்குள் வேலை முடிந்துவிடும்.

இப்போது குற்றாலத்துக்கு வருவோம். எண்ணெய் தேய்த்துக்கொண்டவர், இன்னும் குளிக்காத நிலையில், ஒரு கிலோ எடையுள்ள தண்ணீர்ச் செம்பை ஒரு கையால் பக்கவாட்டில் பிடித்துத் தூக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் ஒரு பக்கம், மற்ற விரல்கள் மறுபக்கம். செம்பு நிற்பது உராய்வால். உராய்வுக் கெழு 0.5 என்றால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கிலோ எடைக்குச் சமமாக அமுக்கினால் போதும். எண்ணெயால் அது 0.2க்கு இறங்கினால் இரண்டரைக் கிலோ தேவை. செம்பின் எடை ஒரு கிராம் கூட ஏறவில்லை, விரலின் வேலை மட்டும் இரண்டரை மடங்கு ஆகிவிட்டது. அவர் என்ன செய்வார்? இன்னும் இறுக்கிப் பார்க்கமாட்டார். இடது கையைச் செம்பின் அடியில் கொடுத்துவிடுவார். அடியில் கை வந்தால் உராய்வே தேவையில்லை, செம்பு அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். இரண்டாவது கை பெரும்பாலும் பலம் கூட்ட வருவதில்லை, கணக்கையே மாற்ற வருகிறது.

தட்டு விஷயமும் இந்த வகைதான். வாளிக்குப் பிடி மேலே இருக்கிறது, கனம் நேர் கீழே தொங்குகிறது. கை செய்ய வேண்டியது மேல்நோக்கி இழுப்பது மட்டும். விரலை மடக்கினால் கொக்கி தயார். நாற்பது சென்டிமீட்டர் குறுக்களவுள்ள தட்டை ஓரத்தில் பிடித்தால், கனத்தின் மையம் கையிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கிறது. இரண்டு கிலோதான், ஆனால் அந்த ஒரு சாணும் சேர்ந்து மணிக்கட்டைக் கீழே முறிக்கப் பார்க்கிறது. இயற்பியல் பாடத்தில் திருப்பு விசை என்று படித்தது இதைத்தான். எதிரெதிர் ஓரத்தை இரண்டு கையால் பிடித்ததும் முறிப்பு தீர்ந்துபோகிறது, ஆளுக்கு ஒரு கிலோ. அனுபவசாலி சப்ளையர் இன்னொரு வழி வைத்திருக்கிறார்: உள்ளங்கையை விரித்துத் தட்டின் நட்ட நடுவில் அடியில் கொடுத்துத் தோளுயரத்துக்குத் தூக்கிவிடுவார். ஒரு கை மிச்சம். ஆனால் யாராவது நடுவழியில் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டால் போச்சு.

போச்சு என்பதில் ஒரு நுட்பம் உண்டு. அந்த டம்ளரைச் சப்ளையரே தன் மற்ற கையால் எடுத்தால் தட்டு அசையாது. அடுத்தவர் எடுத்தால் ஏந்திய கை துள்ளும். பிரான்சில் ஜான் மாசியோன் குழுவினர் 1982இல் இதை அளந்தே காட்டினார்கள்: தன் கையாலேயே பாரத்தை எடுக்கும்போது, ஏந்தியிருக்கும் கையின் தசை அதே கணத்தில் தானாகத் தளர்ந்துகொள்கிறது. மாஸ்டர் ஒருவர் என்பதால் ஒரு ஆளுக்குச் சொன்னது மற்ற ஆளுக்கும் கேட்கிறது. வெளியாள் செய்வது கேட்காது.

இரண்டாவது ஆளின் விலை

இதுவரை சொன்னதெல்லாம் பொருளைப் பற்றிய கணக்கு. பொருளை மட்டும் பார்த்து முடிவு செய்வதானால் மூளை எப்போதும் இரண்டு கையையே அனுப்பும்; அதுதான் பத்திரம். முதுகெலும்புக்கும் நல்லது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் மெக்கில் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கையில் 30 கிலோவைத் தூக்கி நடப்பதை விட இரண்டு கையிலும் ஆளுக்கு 30 கிலோவாக 60 கிலோவைத் தூக்கி நடக்கும்போது இடுப்பு முதுகெலும்பில் விழும் அழுத்தம் குறைவாகவே இருந்தது. பாரம் இரட்டிப்பு, ஆனால் அழுத்தம் குறைவு! ஒரு பக்கம் மட்டும் பாரம் இழுத்தால் மறுபக்கத் தசைகள் உடம்பைச் சாயவிடாமல் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அந்த இழுப்பும் முதுகெலும்பின்மேல்தான் வந்து விழுகிறது. ஒற்றை வாளியோடு வருகிறவரிடம் இன்னொரு வாளியையும் வாங்கிக்கொள்ளுங்கள் என்றால் சிரிப்பார். கணக்கு அவர் பக்கம் இல்லை.

ஆனாலும் நாம் ஒற்றைக் கையையே நாடுகிறோம். பேரருவியில் துண்டும் துணியும் ஒரு கையில் திணிந்திருப்பது, மற்ற கை கம்பியைப் பிடித்தாக வேண்டும் என்பதால். தென்காசி–குற்றாலம் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவர் பழப்பையும் குடையும் பிள்ளையின் விரலுமாக ஒரு கையில் சேர்த்துப் பிடித்திருப்பதும் அதற்குத்தான். சால்னா வாளிக்காரருக்கு வலது கையில் கரண்டி. அவர் இரண்டு கையாலும் வாளியைத் தூக்கினால் ஊற்றுவது யார்?

மூன்றாவது ஆள் கிடையாது என்று சொன்னேன். தண்ணீர் எடுக்கும் பெண்கள் ஒருவரைக் கண்டுபிடித்து எத்தனையோ தலைமுறை ஆகிறது: இடுப்பு. பன்னிரண்டு லிட்டர் குடம் என்றால் தண்ணீர் மட்டும் பன்னிரண்டு கிலோ. குழாயடியில் தூக்கும்போது கவனியுங்கள். ஒரு கை கழுத்தில், ஒரு கை அடியில். தூக்கியதும் இடுப்பைக் கொஞ்சம் ஒடித்துக் கொடுத்து அதில் உட்கார வைக்கிறார்கள். கீழே இருந்த கை உடனே கழன்றுகொள்கிறது. கழுத்தைச் சுற்றிய கை தூக்குவதில்லை, குடம் விலகிப்போகாமல் அணைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். கனம் உடம்பின் நடுக்கோட்டை ஒட்டியே இருப்பதால் முறிப்பும் குறைவு. இறக்கும்போது மறுபடி இரண்டு கை. ஆக ஒரே குடம், ஒரே நடை. அதில் இரண்டு கை, ஒரு கை, இரண்டு கை என்று மூன்று முடிவுகள். கழன்ற கை அந்த நடுவழியில் என்ன செய்கிறது? வாளி தூக்குகிறது, படலைத் திறக்கிறது, முந்தானையை இழுத்துச் செருகுகிறது. அந்தக் கையை விடுவிப்பதற்காகவே இத்தனையும்.

உயர அலமாரியில் இருக்கும் பருப்பு டப்பாவை எடுப்பதும் இப்படித்தான். ஒரு கையை மட்டும் நீட்டினால் தோளைத் திருப்பி, குதிகாலைத் தூக்கி, இன்னும் கொஞ்ச தூரம் எட்டலாம். இரண்டு கையையும் நீட்டினால் நெஞ்சு நேராக நிற்க வேண்டும், எட்டும் தூரம் குறைந்துபோகும். அதனால் ஒரு கை போய் டப்பாவை விளிம்புக்கு இழுத்துவரும். பாதி வழியில் இன்னொரு கை வந்து அடியில் சேரும்.

இருவரையும் சேர்த்து அனுப்புவதில் வேறொரு செலவும் இருக்கிறது. இருவரும் ஒருவரை ஒருவர் இழுப்பார்கள். 1979இல் ஸ்காட் கெல்சோ குழுவினர் ஒரு கைக்குக் கிட்டத்தில் பெரிய இலக்கும், மறுகைக்கு எட்டத்தில் சின்ன இலக்கும் வைத்து இரண்டையும் ஒரே நேரத்தில் தொடச் சொன்னார்கள். தனியாகப் போனால் சுலபமான கை சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடும். சேர்ந்து போகும்போது அது தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு மற்ற கையோடு ஏறத்தாழ ஒன்றாகப் போய் இறங்கியது. கொத்துப் புரோட்டா போடும்போது இரண்டு கையும் ஒரே தாளத்தில் இறங்குவதில் இந்த இழுப்பு உதவி. ஒரு கை எண்ணெய் ஊற்ற, ஒரு கை புரோட்டாவைத் திருப்ப என்று வரும்போது அதுவே உபத்திரவம். அதைப் பழகுவதற்குத்தான் மாஸ்டர் ஆக வருஷங்கள் ஆகின்றன.

இதற்குத் தீர்வாக மூளை வைத்திருப்பது வேலைப் பிரிவினை. பிரெஞ்சு ஆய்வாளர் இவ் கியார் 1987இல் இதை எழுதினார்: வலக்கைக்காரரின் இடது கை சும்மா உதவிக்கு நிற்பதில்லை. முதலில் வருவது அது, இடத்தை ஏற்பாடு செய்வது அது. வலது கை அந்த ஏற்பாட்டுக்குள் வந்து நுணுக்க வேலையைச் செய்கிறது. தென்காசி, கடையம், ஆலங்குளம் பக்கத்து வீட்டுத் திண்ணைகளில் இதைக் கண்ணால் பார்க்கலாம். மடியில் சுளகு, அதில் பீடித்தூள். வெட்டிய இலையை இடது கை விரித்துப் பிடிக்கும். வலது கை தூளைத் தூவும். பிறகு இரண்டு கை விரல்களும் சேர்ந்து சுருட்டும். மறுபடி இடது கை பிடித்துக்கொள்ள, வலது கை நூலைச் சுற்றி இழுக்கும். பேச்சு ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும், கண் சீரியலில் இருக்கும். மாஸ்டர் எட்டிக்கூடப் பார்க்க வேண்டியதில்லை, ஆட்கள் இருவரும் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

போய்ச் சேரும் இடம்

எடுக்கும் விதம், வைக்கும் இடத்தைப் பொறுத்தது. அமெரிக்க உளவியலாளர் டேவிட் ரோசன்பாம் இதைக் கண்டுகொண்டது ஓர் உணவகத்தில். கவிழ்த்து வைத்த டம்ளர்களைப் பரிமாறுகிறவர் கட்டைவிரல் கீழே வரும்படி, கையை விகாரமாகத் திருப்பிக்கொண்டு எடுத்தார். நிமிர்த்தித் தண்ணீர் ஊற்றும் நேரத்தில் அதே கை சுகமான நிலைக்கு வந்துவிட்டது. முடிவில் சுகமாக இருப்பதற்காகத் தொடக்கத்தில் சிரமப்படுகிறோம் என்று அவரும் சகாக்களும் 1990இல் சோதனை செய்து எழுதினார்கள். கைகளின் எண்ணிக்கையிலும் இது வேலை செய்யும். அரிசி மூட்டையைத் தரையில் தொப்பென்று போடுவதானால் ஒரு கையால் தரதரவென்று இழுத்துவந்துவிடலாம். மேசைமேல் அலுங்காமல் வைப்பதானால் தொடக்கத்திலேயே இரண்டு கை போகும்.

அதே ரோசன்பாம் 2014இல் மாணவர்களுக்கு முன்னால் இரண்டு வாளிகளை வைத்தார். ஒன்று கிட்டத்தில், ஒன்று தள்ளி. எது சுலபமோ அதைத் தூக்கிக் கடைசி வரை கொண்டுபோங்கள் என்றார். தள்ளி இருப்பதை எடுத்தால் தூக்கும் தூரம் குறைவு. பலரும் கிட்டத்தில் இருந்ததையே எடுத்துக்கொண்டு அதிக தூரம் சுமந்தார்கள். கேட்டால், வேலையைச் சீக்கிரம் முடிக்க நினைத்ததாகச் சொன்னார்கள். ஆர்டரைக் கையில் வாங்கிவிட்டால் மனசுக்குப் பாதி முடிந்த மாதிரி. தோள்பட்டை படும் பாடு அப்புறம். கடைக்குப் போய்வந்தவர் ஆட்டோவிலிருந்து எட்டுப் பைகளையும் ஒரே நடையில் உள்ளே கொண்டுவரப் பார்ப்பதை வேறெப்படி விளக்குவது?

இந்தக் கணக்கு எதிலும் அடங்காத ஒன்று நம் ஊரில் உண்டு. வெற்றிலை பாக்கு நாலு கிராம் இருக்குமா? கல்யாணப் பத்திரிகை? அதைப் பெரியவரிடம் கொடுக்கும்போது இரண்டு கை போகிறது. தென்காசியின் காசி விசுவநாதர் கோயிலில் திருநீறு வாங்க நீளும் வலது கைக்கு அடியில் இடது கை தானாக வந்து சேர்ந்துகொள்கிறது. மூத்தவரிடம் சாவியைக் கொடுக்கும்போது கூட இடது கை வலது முழங்கையைத் தொட்டுக்கொள்ளும். உராய்வு, திருப்பு விசை, சாண், எதற்கும் இங்கே வேலை இல்லை. ஆனால் விலைக் கணக்கு அப்படியே இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. இரண்டு கையாலும் கொடுப்பவர் அந்த நேரத்துக்குத் தன்னிடம் இருக்கும் இரண்டு ஆட்களையும் வேறு எல்லா வேலையிலிருந்தும் எடுத்து எதிரில் இருப்பவருக்கு அனுப்பிவிடுகிறார். அதுதான் மரியாதையாகத் தெரிகிறது. செல்போனைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் பத்திரிகை நீட்டினால் ஏன் எடுபடுவதில்லை என்பதும் இதில் வந்துவிடுகிறது.

இரண்டு கையும் போதாத இடம் ஒன்று உண்டு. அன்னதானத்துக்குச் சோறு வடித்த அண்டா. 2007இல் மைக்கேல் ரிச்சர்ட்சனும் கெர்ரி மார்ஷும் ரூபன் பாரனும் பலகைச் சோதனையை இங்கே வரைக்கும் நீட்டினார்கள்: ஒரு கை, இரண்டு கை, இரண்டு ஆள். ஒருவரே போதும் என்ற நிலையிலிருந்து துணைக்கு ஆளைக் கூப்பிடும் எல்லையும், பலகையின் நீளத்துக்கும் விரித்த கைகளின் நீளத்துக்கும் உள்ள விகிதத்தை ஒட்டியே அமைந்தது. கைக்குப் பதில் ஆள், சாணுக்குப் பதில் விரித்த கை, கணக்கு அதே மாதிரி. அண்டாவில் இன்னும் ஒரு சிக்கல் சேரும். காதில் கயிறு கோத்து, கழியை நுழைத்து, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் தோளில் வாங்கும்போது இங்கே மாஸ்டர் இரண்டு பேர். ஒருவர் அடியெடுத்து வைப்பது மற்றவரின் அடுக்களைக்குக் கேட்காது. அதனால்தான் “ஏய், தூக்கு… போ… பாத்து” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போகிறார்கள். இருவரில் ஒருவர் குட்டை என்றால் கயிறு கழியில் வழுக்கி அவர் பக்கமே இறங்கும், பாரமும் கூடவே போகும். பழகின சமையல்காரர் முன்கூட்டியே கயிற்றைக் கழியில் இரண்டு சுற்றுச் சுற்றி, நெட்டையானவர் பக்கம் ஒரு சாண் தள்ளி முடிச்சைப் போட்டுவிடுவார்.